காக்பிட்டில் சன் வைசர்: அகலத்தைவிட எட்டும் தூரம் முக்கியம்

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து 1970களில் செய்த செஸ்னா 172 ஒன்று வைத்திருக்கிறோம். சாயங்காலம் மேற்கு நோக்கிப் பறந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. விமானத்தோடு வந்த சன் வைசர் சின்னது. அதுவும் மேலே தள்ளினால் நிற்காமல் தொங்கிவிடுகிறது. கார் வைசர் ஒன்றை வாங்கிக் கூரையில் திருகிவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா? விமானத்துக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டுமா? நாங்களே பொருத்தலாமா?

பதில்: கார் வைசர் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், தொங்குகிற பழைய வைசரின் மூட்டு இணைப்பை ஒருமுறை பாருங்கள். பல விமானங்களில் அந்த இணைப்பைப் பிடித்து நிறுத்துவது ஒரு திருகும் உராய்வு வாஷரும்தான். வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும். உங்கள் மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. தொங்குவது மட்டும்தான் பிரச்சினை என்றால் கதை இத்தோடு முடிந்தது.

ஆனால் வைசர் சரியாக நின்றாலும் வெயில் மறையாது என்று நினைக்கிறேன். பழைய வைசர்கள் முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் கீழும் மேலும் மட்டும்தான் ஆடும். சாயங்கால சூரியன் அதற்குக் கீழே, தொடுவானத்தை ஒட்டி நிற்கும். அப்போது பெரிய வைசராக வாங்கிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதுவும் சரிவராது.

வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். கையை முழுதாக நீட்டி நிமிர்த்திய சுண்டுவிரல் ஏறக்குறைய ஒரு டிகிரி அகலத்தை மறைக்கும். ஒரு கண்ணுக்கு அந்த விரலே போதும். இரண்டு கண்ணையும் மறைக்க, கண்களுக்கு இடையிலுள்ள ஆறேழு சென்டிமீட்டரையும் தலை அசைகிற இடத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும். இருபது சென்டிமீட்டருக்குக் குறைவான ஒரு பலகை அந்த வேலையைச் செய்துவிடும், அது சூரியன் நிற்கும் இடத்துக்கே போக முடிந்தால். ஆக, அளவைவிட அதன் கை எவ்வளவு தூரம் எட்டுகிறது, எத்தனை மூட்டு இருக்கிறது என்பதைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று. தரையில் சூரியன் மணிக்குப் பதினைந்து டிகிரி நகரும். விமானத்தில் அப்படி இல்லை. நீங்கள் திரும்பினால் அதுவும் திரும்பும். வழக்கமான வேகத்தில், அதாவது நொடிக்கு மூன்று டிகிரியில் திரும்பினால், மூக்குக்கு நேரே இருந்த சூரியன் அரை நிமிடத்தில் பக்கக் கண்ணாடிக்கு வந்துவிடும். இறங்குமுன் ஓடுபாதையைச் சுற்றி வரும்போது இது அடுத்தடுத்து நடக்கும். எனவே வைசர் முன்கண்ணாடியிலிருந்து பக்கவாட்டு ஜன்னலுக்கு ஒரே கையால், பார்வையை வெளியிலிருந்து எடுக்காமல், நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். மூட்டு இணைப்பை இறுக்க இரண்டு கை வேண்டும் என்றால் அதை நீங்கள் பறக்கும்போது தொடவே மாட்டீர்கள்.

விமானத்துக்கென்று விற்பவற்றில் பெரும்பாலானவை ஒளி ஊடுருவும் நிறமேற்றிய பிளாஸ்டிக் தகடுகள். ரோசன் நிறுவனத்தின் வைசர்கள் பல தனியார் விமானங்களில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செஸ்னா 172க்கும் உண்டு. ஒளி புகாத அட்டை வகை, சூரியனை மறைப்பதில் இன்னும் திறமையானது என்பது உண்மைதான். ஆனால் அதன் பின்னால் எதிரே வரும் விமானமும் சேர்ந்தே மறைந்துவிடும். வெயில் வரும் திசைதான் ஏற்கெனவே நம் கண் சரியாகத் தேடாத திசை. அதனால் நான் ஒளி ஊடுருவும் வகையைத்தான் சொல்வேன். நிறம் சாம்பலாக இருக்கட்டும். பச்சை, மஞ்சள் பூச்சுகள் பார்வைக்கு இதமாகத் தெரியும், ஆனால் நிறங்களைக் கொஞ்சம் புரட்டும். இறங்கும்போது ஓடுபாதைப் பக்கத்துச் சரிவு விளக்குகள் சிவப்பா வெள்ளையா என்பதைப் பார்த்துத்தானே உயரத்தைச் சரிசெய்கிறோம்?

போலரைஸ்டு, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வகை, என்று எழுதியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்சிடி திரைகள் சில கோணங்களில் அதன் வழியே கறுத்துப்போகும். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆன முன்கண்ணாடியில் உள்ள இறுக்கம் வானவில் பட்டைகளாகத் தெரியும். இது குளிர்கண்ணாடிக்கும் பொருந்தும்.

சரி, கார் வைசருக்கு வருவோம். அதன் கம்பி பெரும்பாலும் இரும்பு. 172இல் காந்தத் திசைகாட்டி முன்கண்ணாடியின் நடுவில், மேலே இருக்கிறது; வைசரை உள்பக்கம் திருப்பினால் கம்பி அதன் அருகே போகும். சில கார் வைசர்களில் முகம் பார்க்கும் கண்ணாடியின் மூடிக்குள் சிறு காந்தமே வைத்திருப்பார்கள். அடுத்து, தீ. காக்பிட் உள்ளே வைக்கும் பொருள்கள் எளிதில் தீப்பற்றாதவை என்று காட்ட ஆவணம் வேண்டும். கார் வைசரின் ஸ்பாஞ்சுக்கும் துணிக்கும் விமான விதிப்படியான அந்தக் காகிதம் உங்களுக்குக் கிடைக்காது. மூன்றாவது, நெற்றி. காரில் அந்தக் கம்பி இருக்கும் இடத்தையும் அது மடங்கும் விதத்தையும் அந்தக் காருக்காக யோசித்து வைத்திருக்கிறார்கள். விமானத்தில் நீங்களே ஓர் இடத்தில் திருகினால், அவசர இறக்கத்தில் தலை முன்னே போகும் வழியில் ஓர் இரும்புக் கம்பியை நீட்டி வைத்தது போலாகும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது 'கூரையில் திருகிவிடலாம்' என்பதுதான். 172இல் எரிபொருள் இறக்கையிலிருந்து தானாகவே கீழே இறங்குகிறது. அந்தக் குழாய்கள் கதவுத் தூண்களுக்குள்ளேயே வருகின்றன. கூரைத் துணிக்குப் பின்னால் மின்கம்பிகள், ஆன்டெனா கேபிள், இரண்டு இறக்கைகளையும் தாங்கும் குறுக்கு அமைப்பு எல்லாம் இருக்கின்றன. பிளாஸ்டிக் ஓரப்பட்டையைப் பார்த்து 'இங்கே ஒன்றும் இல்லை' என்று டிரில் வைக்கக் கூடாது. சிர்ரஸ் போன்ற கூட்டுப்பொருள் விமானம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். அவற்றில் முழு விமானத்துக்குமான பாராசூட்டின் வார்கள் உடற்பகுதித் தோலுக்கு அடியில் போகின்றன. அதை இழுக்கும் கைப்பிடியும் கூரையில்தான் இருக்கிறது.

அனுமதி விஷயம் விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தைப் பொறுத்தது. ஆனால் தர்க்கம் பெரும்பாலும் ஒன்றுதான். சான்றளிக்கப்பட்ட விமானத்தில் நிலையாகப் பொருத்தும் எதற்கும் ஒப்புதல் பெற்ற வடிவமைப்பு ஆவணம் வேண்டும். உங்கள் விமான மாடலுக்கான எஸ்டிசி, அதாவது அந்த மாடலில் செய்யும் மாற்றத்துக்கு ஆணையம் தரும் துணை வகைச் சான்று, உள்ள வைசர் வாங்கினால் இந்தத் தலைவலி பாதி தீரும். எந்தத் துளை, எந்தத் திருகு, எவ்வளவு இறுக்கம் எல்லாம் அதிலேயே இருக்கும். வாங்குமுன் உங்கள் மாடலும் வரிசை எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். '172க்குப் பொருந்தும்' என்ற விளம்பர வரியை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க விதிகளில் உரிமையாளரான விமானியே செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பு வேலைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. உள்அலங்காரத் துணியைச் சரிசெய்வது அதில் இருக்கிறது. புதிய கருவிக்காகத் துளை போடுவது இல்லை. எனவே கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பது நீங்களாக இருந்தாலும், உரிமம் பெற்ற மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்து லாக்புக்கில் கையெழுத்திட வேண்டும். எடை மிகக் குறைவுதான். எடை-சமநிலைத் தாளைத் திருத்த வேண்டுமா என்பதை அவர் சொல்வார். வீட்டிலேயே கட்டிய சோதனை வகை விமானம் என்றால் சுதந்திரம் அதிகம். தலை, திசைகாட்டி, கதவு பற்றி இங்கே சொன்னவை அதற்கும் அப்படியே பொருந்தும்.

வாங்குமுன் ஓர் அட்டைத் துண்டை அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டு இருக்கையில் உட்காருங்கள். தோள்பட்டை வாரையும் ஹெட்செட்டையும் போட்டுக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் பறக்கும் உயரத்துக்கு இருக்கையை வைத்து. நண்பர் உயரமானவர் என்றால் அவரும் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும். முன்கண்ணாடியின் மேல் மூலைகளில் உள்ள காற்றுக் குழாய்களை இழுக்க முடிகிறதா? கதவு முழுதாகத் திறக்கிறதா? வைசரைப் பயன்படுத்தாதபோது அது எங்கே போய் ஒதுங்கும்? பலரும் மறந்துவிடுவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். மடித்து வைத்த நிலையிலும் வானத்தின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டே இருக்கும் வைசர் பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தொந்தரவு. வெயில் உங்களைப் படுத்துவது அதில் சில நிமிடங்கள்தான்.

பொருத்தும்போது பழைய வைசரின் துளைகளையே பயன்படுத்த முடிகிற தொகுப்பாக இருந்தால் மிக நல்லது. பிளாஸ்டிக் தகட்டை இறுக்கும் திருகுகளில் திரவத் திருகுப் பசை விடாதீர்கள். அது அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் தாக்கி, துளை ஓரத்தில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். சில நாள் கழித்துத்தான் தெரியும். தளராமல் இருக்க நைலான் செருகிய பூட்டு நட்டு போதும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே விரிசல்தான் வரும்.

எல்லாம் முடிந்ததும் விமானத்தை ஹேங்கருக்கு வெளியே, இரும்புக் கட்டமைப்புகளிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். எஞ்சினும் ரேடியோவும் ஓடட்டும். வைசரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய்த் திசைகாட்டியைப் பாருங்கள். அது காட்டும் திசை மாறினால் ஏதோ ஒரு திருகு காந்தத் தன்மை உள்ளது. மாற்றுங்கள், பிறகு திசைகாட்டியைச் சரிபார்த்துப் அதன் பிழையைக் குறித்து வைக்கும் அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

உறிஞ்சு கிண்ணம் வைத்து ஒட்டும் சிறு மறைப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த யோசனை அதுவாகத்தான் இருக்கும். அவை பொருத்தப்பட்டவையாகக் கருதப்படாததால் காகித வேலை பொதுவாக இல்லை. வாடகை விமானத்துக்கு அவை சௌகரியம். ஆனால் வெப்பத்தில் பிடி விடும். இறங்கும் கடைசி நொடியில் மடியில் விழுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். விமானத்தை நிறுத்திவிட்டுப் போகும்போது கருப்பு மறைப்பைக் கண்ணாடியோடு ஒட்டியபடி விட்டுவிடவும் கூடாது. இடையில் சிக்கும் சூடு அக்ரிலிக்குக்கு ஆகாது.

கடைசியாக, வைசர் வாங்குமுன் முன்கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே வைத்துப் பாருங்கள். நுண்ணிய கீறல்கள் வெயிலைச் சிதறடித்துக் கண்ணாடி முழுவதையும் வெள்ளையாக்கும். எந்த வைசரும் அதை மறைக்காது. கீறல் மேலோட்டமாக இருந்தால் அக்ரிலிக்குக்கான மெருகுப் பொருளால் மெக்கானிக் தேய்த்து எடுத்துவிடுவார். கழுவ மென்மையான சோப்பு நீரும் சுத்தமான பருத்தித் துணியும் போதும். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் முன்கண்ணாடிக்கும் ஆகாது, புது வைசருக்கும் ஆகாது. டாஷ்போர்டு மேல் வரைபடமோ வெள்ளைக் காகிதமோ வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், கண் கூச்சத்தில் ஒரு பகுதி அதன் பிரதிபலிப்புதான். புது வைசர் வரும்வரை முன்விளிம்புள்ள தொப்பி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் பொத்தான் இல்லாததாகப் பாருங்கள். ஹெட்செட் பட்டை அதை மண்டையில் அழுத்தும்.