இடித்துக் கட்டட்டும் என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது

கேள்வி: சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தை ஒட்டி, 72 வீடுகள் உள்ள பழைய மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வாரியம் கட்டித் தவணைக்குக் கொடுத்தது. அதை இடித்துவிட்டு இன்னும் உயரமாகக் கட்டப் போகிறார்களாம், கீழே கடைகள், ஒரு பக்கம் மாணவிகள் விடுதி. எங்களில் நிறையப் பேருக்குச் சம்மதம்தான். ஆனால் கூட்டம் போட்டால் பக்கத்துத் தெருக்காரர்களின் எதிர்ப்புதான் எடுபடுகிறது. நாங்கள் வாயைத் திறந்தால் ‘காண்டிராக்டர் ஆள்’ என்கிறார்கள். கையெழுத்து வாங்கி மனு கொடுத்தால் போதுமா?

பதில்: போதாதும்மா. நகரமைப்பு வேலையில் இருந்தபோது இந்த மாதிரி மனுக்களை நிறையப் பிரித்துப் படித்திருக்கிறேன். ‘இத்திட்டத்தை முழு மனதுடன் ஆதரிக்கிறோம்’ என்று மேலே ஒரு வரி, கீழே நூற்றைம்பது கையெழுத்து, அதில் நாற்பது ஒரே பேனா, ஒரே சாய்வு, பக்கத்தில் கதவு எண்கூட இருக்காது. அதைக் கோப்பில் சேர்த்து ஒரு எண் போடுவோம், அவ்வளவுதான். அதே கோப்பில் இரண்டாம் மாடி அம்மா ஒருவர் தனியாக எழுதிய ஒரு பக்கம் இருந்தது. கம்பி துருப்பிடித்து ஊதி, சமையலறைக் கூரையில் தாம்பாளம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது, மழை நாளில் உலை வைத்தால் மேலே தகரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், புது வீடு வேண்டும், ஆனால் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் வேண்டும் என்று எழுதியிருந்தார். கூட்டத்தில் அதிகாரி வாசித்துக் காட்டியது அந்தக் கடிதத்தைத்தான்.

முதல் வேலை, நீங்கள் யார் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் பக்கம் இது பெரிய குழப்பம். சிதம்பரம் நகராட்சி, அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சி, நாலு தெரு தள்ளினால் ஊராட்சி. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிற ஒரு வரிக்கு, தெருமுனையில் கட்டுகிற பத்து பேனரைவிட மதிப்பு அதிகம். நகர எல்லை என்றால் பகுதி சபைக் கூட்டம், வார்டு கவுன்சிலர் வழியாகப் போகவேண்டும். எதுவானாலும் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலப் பயன்பாட்டு மாற்றம், அதாவது குடியிருப்பு நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவது, தேவைப்பட்டால் ‘ஆட்சேபணைகள், ஆலோசனைகள்’ கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். அந்த இரண்டாவது சொல்லை யாரும் கவனிப்பதில்லை. ஆட்சேபணை உள்ளவர்தான் எழுத வேண்டும் என்று எங்கேயும் விதி இல்லை.

அப்புறம் முக்கியமான விஷயம். ஆதரவு வேறு, ஒப்புதல் வேறு. ஆதரவு மனு என்பது உங்கள் கருத்து, வாடகைக்கு இருக்கும் மாணவர்கூட எழுதலாம். ஒப்புதல் என்பது உரிமையாளர் தன் வீட்டை இடிக்கச் சம்மதித்துப் போடும் கையெழுத்து. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, யாரோ நீட்டிய ஸ்டாம்ப் பேப்பரில் ஆதரவுதானே என்று போட்டுவிடுகிறார்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள், எவ்வளவு வேண்டியவர் நீட்டினாலும் சரி.

2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மறுகட்டுமானத்துக்கு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் போதும். 72 வீட்டுக்கு 48. ஆனால் அந்த 48-ஐ எண்ணும்போதுதான் சிக்கல் தெரியும். தவணை முடித்தும் கிரயப் பத்திரம் வாங்காதவர் எத்தனை பேர்? ஒதுக்கீடு அப்பா பெயரில் இருக்கும், அவர் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும், வாரிசுச் சான்று எடுத்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று போட்டால் அது செல்லாது, அங்கே முறைப்படி சான்று பெற்ற பவர் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாமல் கைமாற்றி வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம், திட்டம் வந்தால் பணம் பழைய ஒதுக்கீட்டாளர் பெயருக்குத்தான் போகும் என்ற பயத்திலேயே அவர்கள் எதிர்ப்பார்கள். அவர்களை எதிரியாக நினைக்காதீர்கள், பயத்தை விசாரியுங்கள்.

ஆகவே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். கதவு எண், பெயர், பத்திரம் இருக்கிறதா, குடியிருக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா, கருத்து என்ன. வேண்டாம் என்பவரையும், காரணத்தோடு, எழுதுங்கள். எதிர்ப்பையும் மறைக்காமல் காட்டுகிற நோட்டைப் பார்த்தால் ‘காண்டிராக்டர் ஆள்’ என்ற பேச்சு தானாக அடங்கிவிடும், ஏனென்றால் காண்டிராக்டர் ஆள் அப்படி எழுதமாட்டான்.

ஆதரவுக் கடிதத்தில் நிபந்தனை போட்டால் திட்டம் கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, நிபந்தனை இல்லாத ஆதரவால் உங்களுக்குத்தான் நஷ்டம். முதலில் இடைக்கால வாடகை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தன் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது தரும் கருணைத் தொகையை 8,000-லிருந்து 24,000 ரூபாய் ஆக்கியது. உங்களுடையது எந்த வாரியம் என்று நீங்கள் எழுதவில்லை, ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: வேலை இரண்டு வருஷம் இழுத்தால் அது மாதம் 1,000 ரூபாய். பல்கலைக்கழகப் பக்கம் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து வாடகையைப் பங்கு போடுகிற இடத்தில் அந்தப் பணத்துக்கு எந்த வீடு கிடைக்கும்? எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, தாமதமானால் என்ன என்பதை இப்போதே கேளுங்கள். அடுத்து, புது வீட்டின் உள்ளளவு (சுவருக்குள் புழங்குகிற இடம்), நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு (எல்லாருக்கும் பொதுவான மனையில் உங்கள் பெயருக்கு வரும் பாகம்). கடையும் விடுதியும் வருகிறதென்றால் நிலத்தில் உங்கள் பங்கு சுருங்கலாம், அதனால் இரண்டையும் சதுர அடியில் எழுதி வாங்குங்கள். தனியார் கட்டுநர் சேர்ந்து வீடுகளை விற்கிற திட்டமாக இருந்தால், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தாலே ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம், பதிவு எண்ணைக் கேளுங்கள். திட்ட அறிக்கை கையில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு மனு போடுங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும்.

கட்டடம் பலவீனம் என்று வாயால் சொல்வதைவிட ஒரு பொறியாளர் அறிக்கை இருந்தால் நல்லது. பல்கலைக்கழகத்திலேயே சிவில் துறை இருக்கிறது, சங்கத்தின் பெயரில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்துத் தெருக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்லும் ஒரு காரணம் தப்பு என்று நினைக்கிறேன்: இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், கட்டவே கூடாது என்பது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் சில வட்டாரங்களும் வருவது உண்மை. ஆனால் அது தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை, குடியிருப்பை இல்லை. இன்னொரு காரணம் சரியானது: தண்ணீர். களிமண் ஊர், ஐப்பசி கார்த்திகையில் பாசிமுத்தான் ஓடை முட்டி நிற்கும்போது தெருத் தண்ணீர் வடிய வழியே இருக்காது. ஏற்கெனவே பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுப் பழைய வீட்டு வாசற்படிகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. நீங்கள் மூன்றடி மேடாக்கிக் கட்டினால் உங்கள் தண்ணீர் அவர்கள் கூடத்தில்தான் போய் நிற்கும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கத்துவேன்.

அதனால் உங்கள் மனுவில் மழைநீர் வடிகால் எந்த வாய்க்காலில் போய்ச் சேரும், அதற்கு மட்டம் எடுத்தார்களா, பக்கத்துத் தெருவின் மட்டத்தோடு ஒப்பிட்டார்களா என்று கேட்டு, அதைச் செய்தால்தான் ஆதரவு என்று எழுதுங்கள். எழுதிய பிறகு அந்தத் தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் கார்த்திகைக்கு முன்னால்.