கேள்வி கேட்பது குற்றமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சி.எஸ்.ஐ. சபையில் இருக்கிறது. என் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஓராண்டாக என் மாமியார் பக்கத்துத் தெருவில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். விதைக் காணிக்கை கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று அங்கு வரும் ஊழியர் சொன்னதை நம்பி, தம் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டார். இது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று எழுதியிருக்கிறது" என்று அந்த ஊழியர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். நான் கேட்டது தவறா?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: தவறே இல்லை, சகோதரி. ஊழியர் சொன்னது 105-ஆம் சங்கீதத்தின் 15-ஆம் வசனம். அதற்கு முந்திய சில வசனங்களையும் சேர்த்து வாசித்தால், கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் ஊர் ஊராகத் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தாருக்குத் தீங்கு செய்யக்கூடாதென்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்ட செய்தி அது என்பது விளங்கும். நாதியற்றவர்களைக் காக்கச் சொல்லப்பட்ட வார்த்தையைக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க ஒருவர் எடுத்தாள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ராஜாவாக அபிஷேகம்பண்ணப்பட்டு, தன்னைக் கொல்லத் தேடிய சவுலின் மேல் தாவீது கைபோடவில்லை என்பது உண்மைதான். ஆனால் சவுல் செய்வது அநியாயம் என்று குகைக்கு வெளியே நின்று அவன் முகத்துக்கு நேரே சொன்னான். அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தார். அந்தப் பவுல் சொன்னதையும் அப்படியே விழுங்காமல், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் நற்குணசாலிகள் என்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் வெள்ளிக்கட்டி வாங்கும்போது டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்க்காமல் பணம் கொடுப்பாரா? அப்படிப் பார்ப்பதை அவமரியாதை என்று எந்த வியாபாரியாவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால், அந்தக் கட்டியைப்பற்றி அவர் என்ன நினைப்பார்? ஆவிகளைச் "சோதித்தறியுங்கள்" என்று யோவானின் முதல் நிருபம் 4-ஆம் அதிகாரம் சொல்லும் இடத்திலுள்ள கிரேக்கச் சொல், உலோகத்தின் மாற்றைச் சோதிப்பதற்கும் வழங்கிய சொல்தான்.

இனி விதைக்கு வருவோம். "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்பது 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய தர்மப்பணத்தைப்பற்றி, 8, 9 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்கு நீளும் பேச்சின் நடுவில் வரும் வாக்கியம் அது. அந்தப் பணத்தில் பவுலுக்கு ஒரு காசும் இல்லை. அதுமட்டுமல்ல, பணத்தைப்பற்றித் தம்மை ஒருவரும் குற்றப்படுத்தாதபடி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் உடன் அனுப்பி, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க நாடுவதாக அவரே எழுதுகிறார். கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்பவர்கள் இந்த 8-ஆம் அதிகாரத்தைத் திறப்பதே இல்லை. 'நூறத்தனையாக' என்ற சொல் மாற்கு 10:30-இல் இருக்கிறது. 'துன்பங்களோடேகூட' என்ற சொல்லும் அதே வசனத்தில்தான் இருக்கிறது, அது மட்டும் கூட்டங்களில் காதில் விழுவதில்லை. நூறத்தனையாகக் கிடைப்பவற்றின் வரிசையில் தாய்மாரும் வருகிறார்கள் என்பதைக் கவனித்தால், அங்கே பேசப்படுவது வட்டிக் கணக்கல்ல, சபை என்னும் பெரிய குடும்பம் என்பது புரியும்.

வசனத்தைத் தனியே பிய்த்தெடுக்கும் எல்லாரையும் வஞ்சகர் என்று சொல்லமாட்டேன். இளவயதில் நானே யோவானின் மூன்றாம் நிருபத்தின் 2-ஆம் வசனத்தைச் செழிப்புக்கான வாக்குத்தத்தம் என்று ஆவேசமாகப் பிரசங்கித்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஒரு மூப்பர் தனியே அழைத்து, அது காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் நலவிசாரிப்பு அல்லவா தம்பி என்றார். காது சிவந்துபோயிற்று, ஆனால் அதன்பின் அப்படிப் பேசவில்லை. உங்கள் ஊழியருக்கும் அந்த வாய்ப்பை ஒருமுறை, தனியாக, ஆயரையும் உடன் வைத்துக்கொண்டு கொடுங்கள். அத்தையிடம் சங்கிலியைப்பற்றிப் பேச வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே கலங்கியிருப்பார்கள். ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து 2 கொரிந்தியரின் அந்த இரண்டு அதிகாரங்களையும் முழுவதுமாக வாசியுங்கள்.

கேள்வி: தண்ணீரில் முழுக்காமல் தெளித்துக் கொடுக்கும் தெளிப்பு ஞானஸ்நானம் கள்ளப்போதகம் என்று சொல்லி என் தம்பி வேறு சபைக்குப் போய்விட்டான். எங்களோடு ஜெபிக்கவும் மறுக்கிறான். அவன் சொல்வது சரியா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முழுக்கா தெளிப்பா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு, அதை இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கேள்வி அதுவல்ல. வேதத்தை நேசிக்கிறவர்கள் இரு பக்கமும் இருக்கும் கருத்து வேறுபாடு ஒன்று, விசுவாசத்தின் அஸ்திவாரத்தையே பெயர்ப்பது வேறொன்று. இயேசு மாம்சத்தில் வந்ததை மறுப்பதையும், வேறொரு சுவிசேஷத்தை அறிவிப்பதையும்தான் அப்போஸ்தலர்கள் கடுமையான சொற்களால் கண்டித்தார்கள். தேவகுமாரன் படைக்கப்பட்டவர் என்று ஆரியு என்ற போதகர் போதித்தபோது, சபை 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடி அதை மறுத்தது. திருவிருந்து ஆராதனையில் நீங்கள் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பிரமாணத்தை உங்கள் தம்பி மனதார ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்கிறார் என்றால் அவர் உங்கள் சகோதரர், நீங்களும் அவருக்குச் சகோதரர். எதற்கெடுத்தாலும் கள்ளப்போதகம் என்று சொல்லிப் பழகினால், உண்மையான கள்ளப்போதகம் வரும்போது அந்தச் சொல்லுக்கு யாரும் செவிகொடுக்கமாட்டார்கள்.

கேள்வி: வருகிற டிசம்பரில் கர்த்தருடைய வருகை என்று வாட்ஸப்பில் ஓர் ஒலிப்பதிவு சுற்றுகிறது. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் சிலர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக்கூடக் கட்டாமல் இருக்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொல்லியிருக்க, ஒலிப்பதிவுக்காரருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்து, சிலர் விளைந்த பயிரைக்கூட அறுக்காமல் காத்திருந்தார்கள். 23-ஆம் தேதியும் வழக்கம்போல் விடிந்தது. டிசம்பரில் காப்பி பழுத்தால் பறியுங்கள். கட்டணத்துக்குக் கடைசி நாள் எதுவென்று பள்ளியில் விசாரித்து, அதற்கு முன்பே கட்டிவிடச் சொல்லுங்கள்.