தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 56 வயது. ஐந்து பிள்ளைகள். முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், இப்போது பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. இருமினாலும் அரிசி மூட்டையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. வெளியே போகும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. வயசானால் இப்படித்தானா அக்கா?

- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தங்கச்சி, வயசு என்று சொல்லிச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரசவங்களாலும் பல வருடம் பாரம் தூக்கியதாலும் மூத்திரப்பையைத் தாங்கும் அடித்தசைகள் தளர்ந்திருக்கும். தீட்டு நின்ற பிறகு இது கூடும். ஆனால் தசைதானே, பயிற்சி கொடுத்தால் பலப்படும்.

முதலில் தண்ணீர் குடியுங்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம்தான் கூடும். மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும், முக்க முக்கத் தசை இன்னும் தளரும். அதுவும் நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவர் நீங்கள்! குறைக்க வேண்டியது கோப்பியும் தே தாரேக்கும்.

அப்புறம் பயிற்சி. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல உள்ளே இழுத்து, 5 எண்ணி, மெதுவாக விடுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், தொடையை இறுக்காதீர்கள். ஒரு வேளைக்கு 8 முறை, தினம் 3 வேளை. உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. 3 மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இருமல் வரும்போதும் மூட்டையைத் தூக்கும் முன்பும் அதே தசையை இறுக்கிக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குப் போக மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்க் கசிவுக்கென்றே பார்மசியில் பேட் இருக்கிறது. தீட்டுக்கு வைக்கும் பேட் சிறுநீரை அவ்வளவாக உறிஞ்சாது, தோல் புண்ணாகும்.

கிளினிக்குக்கும் அவசியம் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். கவுண்டரில் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், 'தா போலே தாஹான் கென்சிங்' (சிறுநீரை அடக்க முடியவில்லை) என்று மலாயில் தாளில் எழுதி மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கொடுங்கள். சிறுநீரில் கிருமியோ, உங்களுக்கு இனிப்புநீரோ (சர்க்கரை நோய்) இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இருமல் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பெரிண்டோபிரில் போன்ற சில மாத்திரைகள் வறட்டு இருமலைக் கொடுக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், மாற்றிக் கொடுப்பார்.