பெட்ரோல் விலை இறங்கும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை, சம்பளம் 24,000 ரூபாய். போக வர 54 கிலோமீட்டர். பெட்ரோலுக்கே மாதம் 3,100 போய்விடுகிறது. பைக் கடன் போன மாதம் முடிந்ததில் 2,800 மிச்சமாகிறது. சீட்டு எடுத்த பணம் 60,000 கையில் இருக்கிறது. "அரசாங்கம் பாதாளத்தில் வைத்திருக்கும் கச்சா எண்ணெயைத் திறந்தால் விலை இறங்கிவிடும், பொறு" என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். இன்னொருவர் எண்ணெய் கம்பெனி ஷேர் வாங்கச் சொல்கிறார். எனக்கோ மனைவியின் நகையை அடகு வைத்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யோசனை. என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் மாதம் போடுவது சுமார் 31 லிட்டர். நண்பர் வாக்குப் பலித்து லிட்டருக்கு 10 ரூபாய் இறங்கினாலும் உங்களுக்கு மிஞ்சுவது 310 ரூபாய்தான். அதற்காக எந்த முடிவையும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பாதாளக் கிடங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடங்களிலும் பாறையைக் குடைந்து நாம் கட்டியிருக்கும் கிடங்குகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். நிரம்பியிருந்தால் நாட்டுக்கு ஒன்பதரை நாள் தாங்கும். போர் வந்து கப்பல் நின்றால் கைகொடுக்க வைத்தது அது. 2021 நவம்பரில் அமெரிக்காவோடு சேர்ந்து நாமும் 50 லட்சம் பேரல் திறப்பதாக அறிவித்தோம். அது நம் ஒரு நாள் தேவை. அதே மாதம் விலை இறங்கியது உண்மைதான். ஆனால் இறக்கியது கிடங்கு அல்ல, வரி. தீபாவளிக்கு மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியில் 5 ரூபாய் குறைத்தது, புதுச்சேரி அரசும் தன் வாட் வரியைக் குறைத்தது.

பிறகு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை, கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியும், பங்க் விலை நான்கரை மாதம் அசையவில்லை. 2022 மார்ச் 10-இல் முடிவு வந்தது. 22-ஆம் தேதி ஏறத் தொடங்கி, இரண்டே வாரத்தில் 10 ரூபாய் ஏறியது. தினசரி விலை என்று 2017-இல் கொண்டுவந்த முறை தேர்தல் வந்தால் தூங்கிவிடுகிறது. மக்கள் பணத்தில் இப்படி விளையாடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அமெரிக்காவின் கிடங்கு நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிது. 1973 அரபு எண்ணெய்த் தடையில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1975-இல் சட்டம் போட்டு, டெக்சாஸ், லூசியானா உப்புப் பாறைகளுக்குள் அமைத்தார்கள். 2022-இல் அதிபர் பைடன் 18 கோடி பேரலைத் திறக்கச் சொன்னார். நவம்பரில் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் வரவிருந்ததால், ஓட்டுக்காகத் திறக்கிறார் என்று எதிர்க்கட்சி சாடியது. மே மாதம் எண்ணெய் வெளியே வரத் தொடங்கியும், ஜூனில் அங்கே பெட்ரோல் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) 5 டாலரைத் தாண்டியது. அதன் பிறகுதான் இறங்கியது. அவ்வளவு பெரிய கிடங்குக்கே அந்தப் பாடு.

இதற்கெல்லாம் சாட்சி உங்கள் வழியிலேயே இருக்கிறது. முள்ளோடை தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் கன்னியக்கோவில் பங்க்கில் காலையில் வரிசை கட்டுவது கடலூரின் டிஎன் 31 வண்டிகள்தானே? எண்ணெய் ஒன்றுதான், வரிதான் அங்கே குறைவு. நீங்களும் அங்கேயே போடுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று கேனில் வாங்கி வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் இடம்.

ஷேர் வேண்டாம். பெட்ரோல் விலை ஏறினால் விற்கும் கம்பெனிக்கு லாபம் என்பது தப்புக் கணக்கு. 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில், கச்சா விலை உச்சத்தில் இருக்க பங்க் விலையை உயர்த்த முடியாமல், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் 10,000 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பணம் அல்ல உங்கள் சீட்டுப் பணம்.

ஸ்கூட்டர் யோசனை நல்லதுதான், நகைக்கடன்தான் வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போய், கடைசியில் நகை மூழ்கிப்போன குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் 1,400 கிலோமீட்டருக்கு 45 யூனிட் கரண்ட் ஆகும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினாலும் 360 ரூபாய். பெட்ரோலில் 2,700-க்கு மேல் மிஞ்சும்.

சீட்டுப் பணத்தில் 30,000-ஐத் தொடாமல் வங்கியில் போடுங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று பார்த்த ஊர் நம்முடையது. மழைக்காலத்தில் ஒரு மாதம் வேலை நின்றால் அந்தப் பணம்தான் சோறு. மீதி 30,000-ஐ வைத்துக்கொண்டு, மிச்சமாகும் 2,800-ஐ பத்து மாதம் ஆர்.டி. கட்டுங்கள். 58,000 சேர்ந்துவிடும். 1,20,000 ரூபாய் வண்டி என்றால் பாக்கிக்கு இரண்டு வருடக் கடன், 12 சதவீத வட்டியில் மாதம் சுமார் 2,920 தவணை. கிட்டத்தட்ட கட்டிப் பழகிய தொகைதான். பெட்ரோல் மிச்சம் முழுக்கக் குடும்பத்துக்கு.

கம்பெனி சொல்லும் தூரத்தில் முக்கால் பங்குதான் ஓடும் என்று வைத்துக்கொண்டு வண்டி பாருங்கள். பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் சார்ஜ் போட பிளக் பாயின்ட்டுக்குச் சம்மதம் கேளுங்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் வண்டியை ஏற்றி நிறுத்த மேடான இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்கு இருக்கும் பைக்கே ஓடட்டும், ஆர்.டி.யை மட்டும் நிறுத்தாதீர்கள்.