கேள்வி - பதில்: 10 கிகாபிட் இணைப்பில் 500 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லையே?

கேள்வி: ஆய்வாளர்களுக்கு சர்வர் தரும் அமெரிக்க அமைப்பான கிளவுட்லேபில் யூட்டா, கிளெம்சன் தளங்களில் தலா ஒரு சர்வர் எடுத்து, டிசிபி-யின் இரு நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளான கியூபிக்கையும் பிபிஆரையும் ஒப்பிடுகிறேன். இணைப்பு 10 கிகாபிட், பிங் (போய்வரும் நேரம்) 60 மில்லிசெகண்ட். வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-இல் 500 மெகாபிட்டைத் தாண்ட மறுக்கிறது. காலையில் கியூபிக், மாலையில் பிபிஆர் என ஓட்டினால் தினமும் முடிவு மாறுகிறது. போதாததற்கு, காலை 10 மணிக்கு எடுத்த சர்வர்கள் மறுநாள் காணோம், தரவும் போச்சு.
– ஆராய்ச்சி மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: வேகம் 940 மெகாபிட்டில் நின்றிருந்தால், டிராஃபிக், சர்வருக்குள் நுழையப் பயன்படும் 1 கிகாபிட் கட்டுப்பாட்டு வலையமைப்பு வழியே போகிறதோ என்று சந்தேகப்பட்டிருப்போம். (எதற்கும் சர்வரின் பெயருக்குப் பதில் 10.10 என்று தொடங்கும், சோதனை இணைப்புக்கான முகவரியையே கொடுங்கள்.) 500 என்றால் காரணம் பஃபர்தான், அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம் போதவில்லை. 10 கிகாபிட்டை 60 மில்லிசெகண்டால் பெருக்கினால் 75 மெகாபைட். அவ்வளவு தரவு எந்நேரமும் வழியில் இருந்தால்தான் குழாய் நிரம்பும். லினக்ஸ் வழக்கமாக அனுப்பும் பக்கம் 4, பெறும் பக்கம் 6 மெகாபைட்டோடு நிறுத்திவிடும். லினக்ஸில் பெறும், அனுப்பும் பஃபர்களுக்கான அமைப்புகளான டிசிபி ஆர்மெம், டிசிபி டபிள்யூமெம் இரண்டிலும் மூன்றாவது எண்ணை (அதுதான் உச்சவரம்பு) 157286400 பைட், அதாவது 150 மெகாபைட் ஆக்குங்கள், இரு சர்வரிலும். 75-க்கு இரட்டிப்பு ஏன்? பஃபரில் பாதி வரை நிர்வாகச் செலவுக்கே போய்விடும்.

முடிவு மாறுவது வேறு கோளாறு. தளங்களுக்கிடையிலான பாதை பொதுச்சொத்து. ஆற்றில் அழகர் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் பஸ்ஸை அளந்து, மறுநாள் ஆட்டோவை அளந்தால் ஆட்டோதான் ஜெயிக்கும். கியூபிக், பிபிஆர் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்; ஜோடிக்குள் எது முதலில் என்பதையும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றும் 60 விநாடி, முதல் 10 விநாடியைக் கழித்துவிடுங்கள், 20 ஜோடியாவது வேண்டும். பலர் கோட்டைவிடுவது ஒன்று: முந்தைய இணைப்பின் அளவுகளை லினக்ஸ் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் கொடுக்கும். 'டிசிபி நோ மெட்ரிக்ஸ் சேவ்' என்ற லினக்ஸ் அமைப்பை 1 ஆக்கினால்தான் ஓட்டங்கள் ஒன்றையொன்று தொடாது.

சர்வர் காணாமல் போனதற்குக் காரணம் 16 மணி நேரக் குத்தகை. காலை 10-க்கு எடுத்தால் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு, நீங்கள் தூங்கும்போது முடியும்; டிஸ்க்கும் துடைக்கப்படும். படுக்கும் முன் நீட்டிப்பு கேளுங்கள். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் தரவு தானாக வெளியே நகலாகும்படி ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையைத் தொடரவிடும் டீமக்ஸுக்குள் ஸ்கிரிப்ட் ஓடட்டும்; இங்கே கரண்ட் போனாலும் அங்கே நிற்காது.

கேள்வி: பிங் நேரத்தைப் பாதியாக்கி ஒருவழித் தாமதம் என்று போடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கூடாது. போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நெரிசலும் ஒரு திசையில் மட்டும் இருக்கலாம். ஒருவழித் தாமதத்தை நேரடியாக அளக்க, இரு முனைக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் தேடும் வரிசைத் தாமதமே (நெரிசலில் தரவு காத்திருக்கும் நேரம்) 1 மில்லிசெகண்ட் என்றால், இணையம் வழி கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியின் பிழையே அதை விழுங்கிவிடும். ஜிபிஎஸ் கடிகாரமும், அதைவிடத் துல்லியமாக நேரத்தை ஒத்திசைக்கும் பிடிபி முறையும் உள்ள தளங்களாகப் பார்த்து எடுங்கள். கிளவுட்லேப் போன்ற இன்னொரு ஆய்வு வலையமைப்பான ஃபேப்ரிக்கில் பல தளங்களில் அந்த வசதி உண்டு.