பிராய்லர் கோழிக்குப் புரோபயாட்டிக்: பண்ணையாளர் கேள்விகளுக்குப் பதில்

குஞ்சு இறக்கிய அன்றே புரோபயாட்டிக் கொடுக்கலாமா? பிரீபயாட்டிக் என்பது வேறா? (மார்த்தாண்டம்)

அன்றே கொடுப்பதுதான் நல்லது. ஹேட்சரியில் பொரிந்த குஞ்சு தாய்க்கோழியோடு திரிவதில்லை; தாயிடமிருந்து கிடைக்க வேண்டிய நல்ல நுண்ணுயிர்கள் அதற்குக் கிடைப்பதில்லை. அதன் குடலில் எது முதலில் போய்ச் சேருகிறதோ அதுவே இடம் பிடிக்கும். பின்லாந்து ஆய்வாளர்கள் நூர்மியும் ரன்டாலாவும் 1973-இல் காட்டியது இதைத்தான்: வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்த குஞ்சுகளில் சால்மோனெல்லா தொற்று வெகுவாகக் குறைந்தது.

புரோபயாட்டிக் என்றால் உயிருள்ள நுண்ணுயிர்: லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ், ஈஸ்ட் போன்றவை. பிரீபயாட்டிக்கில் உயிர் கிடையாது. கோழிக்குச் செரிக்காத சர்க்கரை வகை அது. குடலில் நல்ல நுண்ணுயிருக்குத் தீனியாகும். ஈஸ்ட்டின் மேலுறையிலிருந்து எடுக்கும் எம்.ஓ.எஸ். (மேனன் ஒலிகோசாக்கரைடு) என்ற பிரீபயாட்டிக் இன்னொரு வேலையும் செய்கிறது. ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் குடல் சுவரில் ஒட்டுவதற்குப் பதில் அதில் ஒட்டிக்கொண்டு எச்சத்தோடு வெளியே போகும்.

தண்ணீரில் கலந்து கொடுத்தேன். பலன் தெரியவில்லையே? (குலசேகரம்)

டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தீர்களா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின், காசு கொடுத்து வாங்கிய நல்ல நுண்ணுயிரையும் சேர்த்தே கொன்றுவிடும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும்போது என்ன கவனமோ அதே கவனம் இதற்கும் வேண்டும். குளோரின் கலக்காத தண்ணீர் எடுங்கள். வேறு வழியில்லை என்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரை, குளோரினை முறிக்க, முன்னதாகவே கலந்து வையுங்கள். சில மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் கரையுங்கள். அப்புறம், கொடுத்து முடித்ததும் குழாயையும் கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் முனையையும் கட்டாயம் அலசிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே வழவழப்புப் படிந்து கெட்ட கிருமிக்கு அதுவே வீடாகிவிடும்.

பாக்கெட்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் பாருங்கள். தகரக் கூரையின் வெக்கையில் கிடந்த லாக்டோபேசில்லஸ் பவுடரை நம்ப முடியாது. பேசில்லஸ் வகை ஸ்போராக (கெட்டி உறைக்குள் உறங்கும் நிலையில்) இருப்பதால் சூட்டைத் தாங்கும். சூடாக்கி அழுத்திச் செய்யும் பெல்லட் தீவனத்தில் பெரும்பாலும் அதைச் சேர்ப்பது அதனால்தான்.

கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே இருக்குமா? (கருங்கல்)

பல தீவனங்களில் சேர்க்கிறார்கள். மூட்டைச் சீட்டைப் பாருங்கள், சூப்பர்வைசரிடமும் கேளுங்கள். இருந்தால் இன்னொன்று வாங்குவது வீண் செலவு.

ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா? (தக்கலை)

வேண்டாம். மருந்து நல்லது கெட்டது பார்க்காது. மருத்துவர் எழுதிய நாள் கணக்கை முடித்துவிட்டு, அதன் பிறகு சில நாள் புரோபயாட்டிக் கொடுங்கள். மருந்தால் காலியான குடலுக்கு அப்போதுதான் அது மிகவும் தேவை. எடை கூடுவதற்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே அதைத் தடை செய்துவிட்டது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக இருக்கும் கோலிஸ்டினை நம் நாட்டிலும் 2019-இல் கோழிக்குக் கொடுக்கத் தடை போட்டார்கள். அந்தக் கறியை நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள்.

மோர் கொடுத்தால் போதாதா? (திருவட்டாறு)

கொஞ்சம் கொடுப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் பால் சர்க்கரை கோழிக்குச் சரியாகச் செரிக்காது. அதிகமானால் எச்சம் இளகும். குழாயில் விட்டால் நிப்பிள் அடைக்கும், ஈயும் மொய்க்கும்.

மழைக்காலத்தில் கழிச்சல் வருகிறது. புரோபயாட்டிக் தடுக்குமா? (அருமனை)

தனியாகத் தடுக்காது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தரையில் பரப்பிய கூளம் ஈரமாக இருந்தால், கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி பெருகத்தான் செய்யும். தேங்காய் நார்த்தூள் போட்டிருந்தால் தினமும் கிளறிவிடுங்கள். கட்டி பிடித்த இடத்தை அள்ளி வெளியே போடுங்கள். ஒழுகும் நிப்பிளை அன்றைக்கே மாற்றுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் எந்தப் பவுடரையும் நம்பிக் காத்திருக்காமல், அப்போது செத்த கோழி ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். குடலை அறுத்துப் பார்த்தால்தான் எந்த மருந்து என்று அவரால் சொல்ல முடியும்.