பகலில் குஞ்சு, இரவில் கோழி: வருவது கீரியா, மரநாயா?

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பகலில் குஞ்சும் முட்டையும் காணாமல் போகின்றன. போன வாரம் ஓர் இரவில், அடைத்த கூண்டுக்குள்ளேயே மூன்று கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. கீரி என்கிறார்கள் சிலர், கழுதைப்புலி என்கிறார்கள் சிலர். முட்டையில் மருந்து வைக்கலாமா?

பதில்: இரண்டு திருடர்கள் வருவதாகவே தெரிகிறது. கீரி பகலில் இரை தேடும், இருட்டினால் வளைக்குப் போய்விடும். ஆகவே குஞ்சும் முட்டையும் அதன் கணக்கு. இரவு வேலை பெரும்பாலும் மரநாயுடையது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுதைப்புலி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது செத்த மாட்டைத் தேடி வருமே தவிர, கூண்டின் இடுக்கில் நுழையும் உடம்பு அதற்கில்லை.

உறுதி செய்ய, அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தூவுங்கள். மாலையில் தூவியதை விடியலிலும், காலையில் தூவியதை மாலையிலும் பாருங்கள். கீரி, மரநாய், கழுதைப்புலி மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். பார்வைக்கு எப்படி இருந்தாலும் நாயைவிடப் பூனைக்கே நெருங்கிய உறவு. ஆனால் கீரியும் கழுதைப்புலியும் பூனையைப் போல நகத்தை உள்ளிழுக்காது. சிறிய தடம், ஐந்து விரல், நகக்கோடு தெரிந்தால் கீரி. ஐந்து விரலோடு உள்ளங்கால் அகன்று, நகம் சரியாகப் பதியாவிட்டால் மரநாய். பழக்கொட்டை நிறைந்த எச்சமும் பக்கத்தில் கிடக்கும். கழுதைப்புலிக்கு நான்கு விரல்தான், முன்கால் தடம் பின்கால் தடத்தைவிடப் பெரியது. நான்கு விரல் இருந்து நகமே பதியவில்லையென்றால் பூனையைச் சந்தேகியுங்கள்.

மெல்லிய கோழிவலையை நம்பாதீர்கள், அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள். மரநாய் மேலிருந்து வரும். கூரையும் சுவரும் சேரும் இடுக்கைப் பலர் அடைப்பதில்லை, தலை நுழைந்தால் அதற்குப் போதும். கூண்டின் மேல் சாயும் கிளையையும் வெட்டிவிடுங்கள். கீரி தோண்டும், வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி, அடியில் இன்னும் ஓரடியை வெளிப்பக்கமாக மடக்கிப் புதையுங்கள். குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை பஞ்சாரக் கூடையைவிட்டு வெளியே விடவேண்டாம். முட்டையைக் காலை, மதியம் இருவேளையும் எடுத்துவிடுங்கள். கூண்டருகே விறகு, கல் குவியல் இருந்தால் கீரி பதுங்க அதுவே இடம்.

மருந்து வேண்டவே வேண்டாம். முட்டையில் வைத்த விஷத்துக்கு முதலில் உங்கள் நாயே பலியாகலாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைக் கொல்வது குற்றமும்கூட. கீரி போனால் வயலில் எலிதான் பெருகும்.

செத்த கோழிகளை வேலியோரம் எறியாமல் மூன்றடிக் குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். இதுவரை வராத கழுதைப்புலியை அந்த நாற்றம் கூப்பிட்டுவிடும்.